மறதி நோய்: பராமரிப்பு ஆய்வுக்கும் நிதி வேண்டும்!

"வயசானா மறதி வரத்தானே செய்யும்"னு இனியும் கடந்து போக முடியாது தோழர்களே!

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முழுசா குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. இன்றைக்குக் கைகொடுப்பது நல்ல பராமரிப்புதான். அந்தச் சுமையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான்!

ராத்திரி எழுந்து வெளியே போகும் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது? சாப்பிட மறுக்கும் அம்மாவுக்கு எப்படி ஊட்டுவது? நம்ம வீடுகளுக்குப் பொருந்தும் பதிலை ஆய்வுதான் தரும்.

செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், இளம் மருத்துவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி கொடுங்கள், உதவித்தொகை கொடுங்கள். ஒன்றிய பட்ஜெட்டில் தனி நிதி ஒதுக்குங்கள்!

நம்மை வளர்த்தவர்கள் நம்மை மறக்கலாம். அரசு அவர்களை மறக்கக் கூடாது!

#மறதிநோய் #பராமரிப்பும்_உரிமையே