கதவு சாத்திய அறை வேண்டும்

கோலா கெத்தில் போன்ற சிறு பட்டணத்தில் கிளினிக்குக்குப் போனால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் கோயில் கமிட்டிக்காரர் இருப்பார். முகப்பில் இருப்பவர் பள்ளித் தோழனின் அக்கா. "என்ன தம்பி, உடம்புக்கு என்ன?" என்று அவர் அக்கறையோடுதான் கேட்பார். எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரைக்காக வந்த இளைஞர் என்ன சொல்வார்? "தலைவலி, அக்கா" என்பார். பனடோலோடு வீடு திரும்புவார்.

பிரெப் எனப்படும் அந்த மாத்திரை புதிதல்ல. 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. தொற்று அபாயம் மிகுந்த அனைவருக்கும் கொடுக்கலாம் என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சொன்னபடி சாப்பிட்டால், உடலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கும். நம் மலேசியச் சுகாதார அமைச்சும் 2023-இல் சில அரசு கிளினிக்குகளில் இதற்கான முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனாலும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் பலர் தயங்குகிறார்கள். செலவு, தூரம், 'எனக்கெல்லாம் வராது' என்ற நினைப்பு எனக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பயம். தண்டனைச் சட்டத்தின் 377பி பிரிவு, இயற்கைக்கு முரணானது என்று சட்டம் சொல்லும் உடலுறவுக்கு 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. வீட்டிலோ, சட்டைக்குள் சுருட்டி வைத்த மாத்திரைப் புட்டி அம்மா கையில் கிடைத்தால் போதும். அதே மருந்து எச்ஐவி சிகிச்சையிலும் பயன்படுவதால், மகனுக்கு நோய் வந்துவிட்டதென்றே வீடு முடிவு கட்டிவிடும்.

மாத்திரை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்பார்கள். அவர்கள் பழைய அனுபவம் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். 2002-இல் இந்நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்ததால் வந்தது. போதைப்பொருள் அன்றும் குற்றம்தான். ஆயினும் அரசு போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் கொடுத்தது, சுத்தமான ஊசியும் கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, ஊசிவழித் தொற்றோ சரிந்தது. இன்று புதிய தொற்றுகளில் பெரும்பகுதி உடலுறவு வழியே வருகிறது. அன்று காட்டிய துணிவை இன்று ஏன் காட்டக்கூடாது?

பிரெப் மேகநோயைத் தடுக்காது, ஆணுறை தேவைதான். ஆனால் பிரெப் சாப்பிடுபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். மறைந்து வாழ்பவரை மருத்துவரிடம் அழைத்து வருவதே பெரிய லாபம்.

எனவே, பெருநகரங்களோடு நில்லாமல், கோலா கெத்தில், பாலிங் போன்ற ஊர்களின் கிளினிக்குகளிலும் பிரெப் கிடைக்க வேண்டும். வந்த காரணத்தை முகப்பில் கேட்காமல், கதவு சாத்திய அறையில் மருத்துவரோ தாதியோ கேட்க வேண்டும். கேட்டது அந்த அறையைத் தாண்டக்கூடாது. விளக்கத் தாள்கள் தமிழிலும் இருக்க வேண்டும்.

பெற்றோரே, அந்தப் புட்டியைக் கண்டால் கத்துவதற்கு முன் ஒன்றை நினையுங்கள்: உங்கள் பிள்ளை தன் உடம்பைக் காத்துக்கொள்ளத்தான் அதை வாங்கியிருக்கிறான்.