புதிய தெர்மோஸ்டாட் மாட்டிய இரவு



நம் பிள்ளைகளில் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பத்துடன் வாழ்கின்றனர். அந்நாட்டு வீடுகளைக் குளிர்காலத்தில் சூடேற்றுவது ஃபர்னஸ். கோடையில் குளிரூட்டுவது வெளியே நிற்கும் கம்ப்ரசர். இரண்டுக்கும் கட்டளையிடுவது சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிய இரவே வீடு சில்லிட்டுப் போகிறது என வைத்துக்கொள்வோம். வெளியே உறைபனி, உள்ளே கைக்குழந்தையும், மகளின் பேறுகாலத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்த உம்மாவும். 'ஃபர்னஸே கெட்டுவிட்டது' என்று பதறிப் பெருந்தொகை செலவிட முனைவோர் உண்டு. சற்றுப் பொறுங்கள். நேற்றுவரை ஓடிய இயந்திரம் இன்று நின்றதென்றால், இடையே மாறியது எது? அதை முதலில் ஆராய்வதே அறிவுடைமை.

எதைத் தொடுமுன்னும் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட் மின்சாரமே. ஆனால் சுவரில் தடித்த வயர்கள் இருந்தால் அவை 120 அல்லது 240 வோல்ட்டாக இருக்கலாம். அவற்றை மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.

திரை இருண்டு கிடக்கிறதா? பேட்டரியைப் பாருங்கள். அடுத்து ஃபர்னஸின் கதவைப் பாருங்கள்; அது சரியாக மூடாவிட்டால் பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பின்னர் உள்ளே உள்ள சர்க்யூட் பலகையில் 3 அல்லது 5 ஆம்பியர் கொண்ட சிறு ஃபியூஸ் எரிந்துள்ளதா என்று நோக்குங்கள். பிரேக்கரை அணைக்காமல் வேலை செய்தவர் கையில், 'ஆர்' வயர் 'சி' வயரைத் தொட்டதும் எரிவது பெரும்பாலும் இதுவே. அதே அளவுள்ள ஃபியூஸையே மாற்ற வேண்டும்.

திரை ஒளிர்ந்தும் சூடு வரவில்லையா? வயர்களின் நிறத்தை நம்பாதீர்கள். முன்பு மாட்டியவர் எந்த நிறத்தையும் எதற்கும் பயன்படுத்தியிருக்கலாம். எழுத்தே சான்று. 'ஆர்' மின்சாரம் தருவது, 'டபிள்யூ' சூட்டுக்கு, 'ஒய்' கம்ப்ரசருக்கு, 'ஜி' மின்விசிறிக்கு, 'சி' மின்சாரம் திரும்பும் வழி. திருகாணியில் வயர் இறுகப் பிடித்திருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள்.

சூடு கேட்டால் குளிரும், குளிர் கேட்டால் சூடும் வருகிறதா? அது ஹீட் பம்ப் உள்ள வீடாக இருக்கலாம். தெர்மோஸ்டாட்டின் அமைப்புப் பட்டியலில் 'ஓ', 'பி' என்னும் தேர்வை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்ப்ரசர் உடனே ஓடவில்லை என்றும் கலங்க வேண்டாம். அதைக் காப்பதற்காகப் பல கருவிகள் 5 நிமிடம் வரை காத்திருக்கச் செய்யும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பயனில்லை என்றால் ஒரு சோதனை உண்டு. இது 24 வோல்ட் அமைப்புக்கு மட்டுமே உரியது. பிரேக்கரை அணைத்து, 'ஆர்', 'டபிள்யூ' வயர்களைக் கழற்றி ஒன்றாக இணைத்து, மீண்டும் மின்சாரம் கொடுங்கள். ஃபர்னஸ் ஓடினால் குறை தெர்மோஸ்டாட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. ஓடாவிட்டால் தொழில்நுட்பரை அழையுங்கள். சோதனை முடிந்ததும் மீண்டும் பிரேக்கரை அணைத்து, வயர்களைப் பிரித்துவிட மறவாதீர்கள்.

அவர் வரும்வரை குளிர் தாங்காமல் கேஸ் அடுப்பையோ கரிச் சட்டியையோ அறைக்குள் மூட்டிவிடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரின் உயிரையே குடித்துவிடும். அனைவரும் ஒரே அறையில் கம்பளி போர்த்தி இருங்கள். குளிர் மிகுந்தால் அண்டை வீட்டாரிடம் செல்லுங்கள்.

இனி மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பழையதைக் கழற்றுமுன், எந்த வயர் எந்த எழுத்தில் உள்ளது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடம் ஓர் இரவின் துயரைத் தவிர்க்கும்.