வண்டியின் கீழே ஓடும் நாய்

கருணையைப் பற்றி எத்தனையோ உபதேசங்களைக் கேட்டிருக்கிறேன். ஆயினும் அவற்றுள் எதுவும், இரண்டு வண்டிகளையும் இரண்டு நாய்களையும் கொண்டு லூயி புனுவல் என்ற ஸ்பானிய டைரக்டர் காட்டிய சில விநாடிகளைப் போல் என் நித்திரையைக் கெடுத்ததில்லை. 1961-ம் வருஷத்தில் வெளியான அவருடைய 'விரிடியானா' படத்தை இந்த வாரம் மறுபடியும் பார்த்தேன். வண்டியின் அடியில் கட்டப்பட்டு, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓடிவரும் ஒரு நாயைக் கண்டு மனமிரங்கிய ஒருவன், காசு கொடுத்து அதை விடுவித்து அழைத்துப் போகிறான். அவன் திரும்பியதும், எதிர்த்திசையில் செல்லும் இன்னொரு வண்டியின் அடியில் இன்னொரு நாய் அதேபோல் ஓடுகிறது. அவன் அதைக் காணவில்லை, நாம் காண்கிறோம்.

1900-ல் காலண்டா என்ற ஸ்பானியக் கிராமத்தில் பிறந்து, ஏசு சபைப் பாதிரிமாரிடம் கல்வி பயின்ற புனுவலுக்கு, விஷமக்காரர் என்ற பெயர் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. தாயார் கொடுத்த பணத்தில், ஓவியர் சல்வடார் டாலியோடு சேர்ந்து 1929-ல் அவர் எடுத்த முதல் படத்தின் தொடக்கத்தில், சவரக்கத்தி ஒரு பெண்ணின் கண்ணைக் கீறுகிறது. அதற்காகப் படம்பிடிக்கப்பட்டது செத்த கன்றுக்குட்டியின் கண் என்று தெரிந்த பிறகும் பார்ப்பவர் உடல் நடுங்காமலிருப்பதில்லை. அடுத்த வருஷம் வந்த 'பொற்காலம்' படத்தின்போது பாரிஸில் கலகக்காரர்கள் திரையின் மீது மையை வீசினார்கள், படம் தடைசெய்யப்பட்டது. இத்துடன் நின்றுவிடுகிறவர்கள் அவரை அதிர்ச்சி வியாபாரி என்று எண்ணக்கூடும். ஆனால் அந்தக் கத்தி கீறியது நம்முடைய சௌகரியமான பார்வையை என்பதே என் திடமான நம்பிக்கை.

மெக்ஸிகோவில் குடியேறிய பின் 1950-ல் அவர் எடுத்த 'லாஸ் ஓல்விடாடோஸ்', மெக்ஸிகோ நகரத்துச் சேரிச் சிறுவர்களின் கதை. ஏழை என்றால் நல்லவன், குருடன் என்றால் சாது என்று நம் மனம் சுலபமாக வகுத்துக்கொள்ளும் சமாதானங்களை அவர் அங்கே அனுமதிக்கவில்லை. குருடனும் கொடுமை செய்கிறான், பசித்த சிறுவன் தன்னிலும் எளியவனை அடிக்கிறான். துன்பம் மனிதனை அவசியம் புனிதனாக்கிவிடுவதில்லை என்று சொல்வது ஏழையை இழிவுபடுத்துவதாகாது. அவனையும் நம்மைப் போன்ற முழு மனிதனாக ஏற்பதுதான் அது. தம் தேசத்தை அவமதித்துவிட்டதாகக் கொதித்த மெக்ஸிகோவினர் பலர், மறு வருஷம் கான் திரைப்பட விழாவில் சிறந்த டைரக்டருக்கான பரிசு கிடைத்த பிறகே அதைப் பொறுமையோடு பார்த்தார்கள்.

'விரிடியானா'வில், கன்னிமடத்துப் பெண்ணொருத்தி அன்போடு அடைக்கலம் கொடுத்த பிச்சைக்காரர்கள், அவள் இல்லாதபோது விருந்துண்டு, கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனச் சித்திரம்போல் வரிசையாக அமர்கிறார்கள். அப்படம் கான் விழாவின் முதற்பரிசைப் பங்கிட்டுக்கொண்டது. வத்திக்கான் பத்திரிகை அதைக் கண்டித்தது. ஸ்பெயினில் 1977 வரையில் அதைத் திரையிட முடியவில்லை. கருணையைப் புனுவல் பரிகசித்துவிட்டார் என்றார்கள். ஆனால் விலை கொடுத்து மீட்கப்பட்ட அந்த ஒரு நாய்க்குக் கிடைத்த விடுதலை பொய்யல்ல. கொடுத்தவன் தன் கடன் தீர்ந்துவிட்டதென்று நினைப்பதே பொய். அதை மட்டுமே அந்த இரண்டாவது வண்டி நமக்குச் சொல்கிறது.

பெரிய வெள்ளியன்று நண்பகலில் காலண்டாவில் தொடங்கும் முரசொலி மறுநாள் வரையில் ஓயாது. அடிப்பவர்களின் கைகள் புண்பட்டு முரசுத் தோலில் உதிரம் படியும். அந்த ஒலியைப் புனுவல் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறருக்கு ஈந்தே பழகிய ஒரு பாதிரியார், அவருடைய 'நசரீன்' படத்தின் முடிவில் கைதியாக நடந்து போகிறார். வழியில் ஒரு பழக்காரி இரங்கி அவருக்கு ஓர் அன்னாசிப் பழத்தைக் கொடுக்கிறாள். முதலில் மறுத்தவர், பின்பு திரும்பி வந்து அதை வாங்கிக்கொள்கிறார். அப்பொழுது வேறு சங்கீதம் எதுவுமில்லை. காலண்டாவின் முரசுகள் மட்டும் முழங்குகின்றன.