பக்கத்தில் நின்றாலும் சமம் இல்லை

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபு குடும்பங்களின் ஓவியங்களில் கறுப்பினத்தவர் வந்தால் பெரும்பாலும் ஓர் ஓரத்தில்தான் இருப்பார்கள். கையில் தட்டு, பார்வை எஜமானியின் முகத்தில். நகை, நாய்க்குட்டி மாதிரி அவர்களும் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

இந்த வழக்கத்தை உடைத்த படம் என்று எல்லோரும் காட்டுவது, 1770-களின் கடைசியில் டேவிட் மார்ட்டின் வரைந்த இரட்டை உருவப்படம். இப்போது ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் இருக்கிறது. லண்டன் அருகே கென்வுட் மாளிகைத் தோட்டத்தில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி எலிசபெத் முர்ரே. இன்னொருத்தி டைடோ எலிசபெத் பெல். டைடோவின் தந்தை கடற்படை அதிகாரி ஜான் லிண்ட்சே, தாய் மரியா பெல் என்ற ஆப்பிரிக்க அடிமைப் பெண். இருவரையும் வளர்த்தவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இருவருக்குமே அவர் தாத்தா முறை.

இந்தப் படத்தைச் "சமத்துவத்தின் சின்னம்" என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நன்றாகப் பாருங்கள். டைடோ பட்டும் முத்தும் அணிந்திருக்கிறாள், உண்மைதான். யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டே நேராக நம்மைப் பார்க்கிறாள். ஆனால் எலிசபெத் கையில் புத்தகம், டைடோ கையில் பழங்கள். டைடோ தலையில் மட்டும் இறகு செருகிய தலைப்பாகை, "இவள் வேற்று நாட்டுக்காரி" என்று சொல்வதற்காகவே வைத்ததுபோல. எலிசபெத்தின் கை டைடோவைத் தொடுகிறது. அது பாசத்தில் பிடித்து இழுக்கிற கையா, முன்னால் வராமல் தள்ளி நிறுத்துகிற கையா? இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காரணம், அந்த வீடே அப்படித்தான் இருந்தது. 1779-இல் விருந்துக்கு வந்த தாமஸ் ஹட்சின்சன் என்பவர், டைடோ சாப்பாட்டுக்கு உடன் உட்காரவில்லை, சாப்பாடு முடிந்த பிறகுதான் வந்து பெண்களோடு சேர்ந்துகொண்டாள் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1772-இல் சாமர்செட் வழக்கில், ஓர் அடிமையை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாகக் கப்பலேற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னவர் இதே மான்ஸ்ஃபீல்ட். அவரே தன் உயிலில் எலிசபெத்துக்கு 10,000 பவுண்டும், டைடோவுக்கு 500 பவுண்டும் வருடம் 100 பவுண்டும் எழுதினார். அதைவிட முக்கியம், டைடோ சுதந்திரமானவள் என்பதையும் அதில் உறுதிப்படுத்தினார். தான் வளர்த்த பேத்திக்கு அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அவள் நிலைமை எவ்வளவு ஆட்டத்தில் இருந்திருக்கும்!

அதனால் அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாசம் நிஜம்தான். ஆனால் பாசம் வேறு, சமத்துவம் வேறு. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தனியாக வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த "மாதிரி" என்ற சொல்லைத்தான் மார்ட்டின் வரைந்திருக்கிறார். சமத்துவப் படம் என்று கொண்டாடினால் அந்தச் சொல் நம் கண்ணில் படாமலே போய்விடும்.