மலையடிவாரத்து மகமை

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து ஜனங்கள் பஸ்களிலும் வேன்களிலும் ஏறி வத்திராயிருப்பை நோக்கிப் புறப்படுவது யாவரும் அறிந்த விஷயம். தாணிப்பாறையில் இறங்கிச் சதுரகிரி ஏறி மகாலிங்கத்தைத் தரிசித்து வருவது, இந்த வானம் பார்த்த சீமையின் குடும்பங்களுக்கு வெகு காலத்துப் பழக்கம். ஆனால் அவர்கள் ஏறுகிற மலை இன்று கோவில் மலை மாத்திரமன்று. 1988 ஆம் வருஷத்தில் அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இக்காப்பகம் தமிழ்நாட்டில் ஐந்தாவது. பக்தி ஒரு புறமும் வனச் சட்டம் ஒரு புறமும் நிற்கும் இவ்விடத்தில், வருகிற கூட்டத்தின் செலவை யார் சுமப்பது, அதன் வரவை யார் ஆள்வது என்னும் கேள்வியைத் தட்டிக்கழித்துக்கொண்டே போக முடியாது.

கூட்டம் வருவது நல்லதே. அதனால் கடைக்காரனுக்கு வியாபாரம், வண்டிக்காரனுக்கு வாடகை, கூலிக்காரனுக்கு நாலு காசு. ஆயினும் ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு விலை உண்டு. குடிக்கத் தண்ணீர் வேண்டும். பெண்களுக்கு மறைவிடம் வேண்டும். வண்டிகள் நிற்க இடம் வேண்டும். கால் இடறி விழுந்தவனைத் தூக்கிவர ஆள் வேண்டும். போனவர்கள் எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். அதைத் தின்று மானும் யானையும் மாளாதபடி காக்க வேண்டும். வனத்தை அடுத்த ஊர்களில் நடப்பது என்ன? வரவு பல கைகளுக்குப் பிரிந்து போகிறது. பாரமோ அடிவாரத்துக் கிராமத்தின் தலையில் இறங்குகிறது. அப்புறம் ஊரின் பெருமையை வளர்ப்பதென்று யாரேனும் தொடங்கினால், பந்தலும் வளைவும் மின்விளக்கும் விளம்பரமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

இவ்வழக்கம் தலைகீழானது என்பது நமது திடமான அபிப்பிராயம். விருந்தாளியின் பெயரால் வாங்கிய காசு, முதலில் அவனுடைய உயிரையும், அவனை ஏற்ற ஊரின் சுகாதாரத்தையும், அவன் காணவந்த காட்டையும் காப்பதற்குச் செலவாக வேண்டும். மிஞ்சியதில்தான் மேளமும் பந்தலும். வரவு செலவுக் கணக்கோ ஊரார் காது கேட்க வாசிக்கப்பட வேண்டும்.

இது வெறும் சிக்கனப் பேச்சன்று, உயிர்ப் பிரச்னை. 2015 மே மாதத்தில் சதுரகிரியில் பெய்த திடீர் மழையால் ஓடைகளில் வெள்ளம் புரண்டு வந்ததையும், யாத்திரிகர் பலர் மாண்டதையும், ஆயிரக்கணக்கானோர் மலையிலே சிக்கித் தவித்ததையும் நமது ஜில்லா மறக்கவில்லை. 2018 மார்ச்சில் தேனி ஜில்லாக் குரங்கணியில் காட்டுத் தீயில் அகப்பட்டு மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் அவ்விடங்களில் குறைவாயிருந்தது பந்தலா? அலங்கார வளைவா? மேலே மழை கறுக்கிறது, கீழே இறங்காதே என்று சொல்ல ஓர் ஆளும், ஓடையின் இரு கரையிலும் கயிறும், செய்தி அனுப்ப ஒரு கருவியும், அடிவாரத்தில் ஒரு வைத்தியரும் எவ்வளவு பயன்படும் என்பதை ஒவ்வொரு விபத்திற்குப் பின்பும் பேசுகிறோம். பேச்சு ஓய்ந்ததும் பணம் வேறு வழியில் போய்விடுகிறது.

சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஒரு தனி அத்தியாயத்தை 1939 ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வகுத்தது. கூட்டம் கூடுமிடத்தில் சுகாதார ஏற்பாடு செய்வது தர்மம் மட்டுமன்று, கடமையே என்பது அதன் கருத்து. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006 ஆம் வருஷத்தில் சேர்க்கப்பட்ட 38 எக்ஸ் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒவ்வொரு புலிகள் காப்பகத்திற்கும் ஓர் அறநிதியம் அமைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் முதலியவை அந்த நிதியத்தின் வழியே அவ்விடத்து ஜனங்களின் அபிவிருத்திக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆகையால் நாம் கேட்பது புதிய சலுகையன்று. எழுதிவைத்த சட்டத்தை நடத்திக்காட்டும்படிதான் கேட்கிறோம்.

அப்படி நடத்திக்காட்டிய இடமும் தூரத்தில் இல்லை. மலைக்கு மேற்கே, குமுளியை அடுத்த பெரியாறு காப்பகத்தில் 1996 க்குப் பின் ஒரு பரீட்சை நடந்தது. காட்டில் லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டாக உரித்து விற்றுவந்தவர்களையே ஒரு குழுவாகச் சேர்த்து, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். எந்தத் தடத்தில் திருடச் சென்றார்களோ அதே தடத்தில் யாத்திரிகர்களை அழைத்துச் சென்று பிழைக்கலானார்கள். வருகிறவர்களிடம் வாங்கும் ஒரு சிறு மேல்வரி, 2004 இல் ஏற்பட்ட அறநிதியத்தின் மூலம் இக்காரியங்களுக்கு உதவியது. காட்டை அழித்த கையே காட்டைக் காக்கும் கையாயிற்று. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் வாழும் பளியர்களுக்குப் பட்டை உரிப்பவனின் குற்றம் எதுவுமில்லை. மலையின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு மனப்பாடம். 2024 அக்டோபரில் சர்க்கார் 40 மலைப்பாதைகளைத் திறந்து, வழிகாட்டும் வேலையை அந்தந்த மலைவாசிகளுக்கே அளித்தது நல்ல ஆரம்பம். அது திருவிழா நாட்களுக்கும் விரிய வேண்டும். பளியர்களுக்குத் தினக்கூலி மட்டும் கொடுத்து அனுப்பாமல், நிதியத்தை நடத்துவதிலும் ஓர் இடம் தர வேண்டும்.

உலகத்தில் முதன்முதலாக, 1872 இல், தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது அமெரிக்காவிலுள்ள யெல்லோஸ்டோன். அதன் வாசலில் இருக்கும் சிற்றூர்களின் சங்கடமும் நமது அடிவாரத்தின் சங்கடமேதான்: குடியிருப்பவர் சிலர், வந்துபோகிறவர் எண்ணற்றோர். மொன்டானா ராஜ்யத்துச் சட்டசபை 1985 இல் ஒரு வழி கண்டது. ஊரார் ஓட்டளித்துச் சம்மதித்தால் விடுதி, உணவகம் முதலியவற்றின்மேல் ஒரு சிறு வரி விதித்துக்கொள்ளலாம். அது எந்தெந்தக் காரியத்திற்கு என்பதும் ஓட்டுச் சீட்டிலேயே தெரிவிக்கப்பட வேண்டும். வரி போடுவது யார், எதற்காக என்பது முன்கூட்டியே வெளிச்சமாக இருக்கும் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய சூட்சுமம்.

இதை அன்னியரிடம் கற்க வேண்டிய அவசியம் நமது சீமைக்கு உண்டா? விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் மகமை என்ற சொல்லை அறியாத வியாபாரி இல்லை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாமே விதித்துக்கொண்ட சிறு துகை அது. உறவின்முறையில் கணக்குச் சொன்னார்கள்; சத்திரங்களும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. காமராஜர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய மகமைப் பணத்தில் பிறந்ததே. எவரும் அதைச் சுமையென்று கருதாததற்குக் காரணம் இரண்டு: எடுத்தது சிறிது, செலவு கண்முன் தெரிந்தது. வீரசோழன் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவனும் அப்படித்தான் நினைப்பான். கட்டணம் கொடுக்கத் தயங்கமாட்டான். கொடுத்தபின் ஆட்டுக்குத் தண்ணீரும் நிழலும் இல்லையென்றால் கேள்வி கேட்பான். அவன் கேட்பது நியாயமே.

ஆகவே நமது யோசனை இது. சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களிடமும், திருவிழாக் கடைகளிடமும், விடுதிகளிடமும் ஒரு சிறு மகமை வாங்கலாம். நடந்து வருகிறவனும் சர்க்கார் பஸ்ஸில் வருகிற ஏழையும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். தண்ணீர், கழிப்பிடம், வைத்தியம், காவல், குப்பை அகற்றல் ஆகிய ஐந்திற்கும் குறைவறச் செலவிட்ட பிறகே விழாக் கமிட்டி மிகுதியில் கை வைக்கலாம். ஆடி முடிந்ததும் அடிவாரக் கிராம சபையில் வரவு செலவு முழுவதும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும்.

‘சாமி கும்பிட வருகிறவனிடம் வரியா?’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பக்திக்கு வரி கிடையாது, வண்டிக்குத்தான். ‘கட்டுப்பாடு விதித்தால் போதாதா?’ என்று வேறு சிலர் கேட்கலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. அவற்றை விதித்தது ஹைகோர்ட்டு. ஊரும் சர்க்காரும் காலத்தில் கணக்கெடுக்கத் தவறினால் நியாயஸ்தலம் வந்து கணக்கெடுக்கும் என்பதே அதன் பாடம். வரம்பு கூட்டத்தைக் குறைக்கும். ஆனால் வந்தவனுக்குத் தண்ணீர் வைக்காது. இரண்டும் வேண்டும்.

மலையில் நடப்பதைப் பற்றி வெகு தூரத்திற்கு இப்பால் உள்ள கரிசல்காரனுக்கு என்ன கவலை என்று எண்ணுவது பிசகு. வைகை வருஷநாட்டு மலைகளில் பிறக்கிறது. விரகனூரில் கிருதுமால் நதிக்குத் திறந்துவிடும் வைகைத் தண்ணீரையே நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் எதிர்பார்த்துக் கிடக்கின்றன. அந்த மலைக்காடு கெட்டால் முதலில் காயப்போவது நமது கண்மாய். முதலில் ஊரை விட்டுக் கிளம்பப்போவது நமது சம்சாரி. ஆகையால் காட்டைக் காக்கச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீரசோழன் சம்சாரியின் வயலுக்குச் செலவிட்டதாகவே கணக்கு.

இன்னொன்றும் கூறுவோம். தாங்கமுடியாத கூட்டம் உள்ள இடத்திற்கு மேலும் விளம்பரம் எதற்கு? ஜில்லாவின் விளம்பரப் பணத்தை வெறிச்சோடிக் கிடக்கும் ஊர்களுக்குத் திருப்பலாம். 1879 இல் ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியும், அங்குள்ள திருமேனிநாதர் கோவிலும் நமது தாலுகாவிலேயே இருக்கின்றன. மலையில் இறக்கி வைத்த பாரத்தில் ஒரு பங்கை வரவாகப் பெற்றுக்கொள்ளக் கரிசல் சீமை ஆயத்தமாகவே இருக்கிறது.

அடுத்த ஆடி வருமுன் ஜில்லா அதிகாரிகளும், வன இலாகாவும், தேவஸ்தானமும், அடிவாரத்துப் பஞ்சாயத்தாரும், பளியர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசட்டும். யார் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள், எதற்குச் செலவிடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே தாளில் விடை எழுதித் தாணிப்பாறைச் சாவடியில் ஒட்டட்டும். அந்தத் தாளை வாசித்துவிட்டு மலையேறுகிற யாத்திரிகன், தான் கொடுத்த காசைப் பற்றி ஒருபோதும் வருந்தமாட்டான்.