தனியாளும் குழுவும் ஒரே தட்டிலா?

டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் 1999-இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தில் இருந்தார். ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 73. இவ்விரண்டு எண்களும் உண்மையே. ஆனால், அவை குறிப்பது வெவ்வேறு திறன்களை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, இதுவே பயஸின் தரம் என்று யாரேனும் அறிவித்திருந்தால் விளையாட்டை அறிந்தவர்கள் நகைத்திருப்பார்கள்.

இணையவழி விளையாட்டுகள் பலவற்றில் இன்று அந்தக் கலப்புதான் நடக்கிறது. தனியாக ஆடி வென்றவனின் புள்ளியும், பழகிய நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து வென்றவனின் புள்ளியும் ஒரே பட்டியலில் ஏறுகின்றன. பொழுதுபோக்காக இருந்தவரை இது ஆட்டக்காரர்களின் மனத்தாங்கல் மட்டுமே. அரசு இதை விளையாட்டு என்று அங்கீகரித்துவிட்ட பிறகு, இது நியாயம் பற்றிய கேள்வியாகிறது.

மின்விளையாட்டு 2022 டிசம்பரில் மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய அச்சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. மின்விளையாட்டை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றது. பணம் கட்டி ஏமாறுவோரைக் காக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால், பணம் கட்டாமல் உழைப்பை மட்டுமே கட்டி ஆடும் இளைஞனுக்கு நேர்மையான களம் கிடைக்கிறதா என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கின் மூலம் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அர்பாத் ஈலோ வகுத்த முறையை 1970-இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையே 200 புள்ளிகள் வேறுபாடு இருந்தால், மேலே உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் பெறுவார் என்பது அந்தக் கணக்கு. ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் சதுரங்கத்துக்கு அது பொருந்துகிறது.

ஐவருக்கு எதிராக ஐவர் ஆடும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஒரு பக்கம் முன்பின் அறியாத ஐந்து பேர். மறுபக்கம் பல மாதங்களாகச் சேர்ந்து ஆடிவரும் ஐந்து நண்பர்கள். இரு அணிகளின் சராசரிப் புள்ளியும் 1500 என்றால், காகிதத்தில் இது சமமான ஆட்டம். களத்தில் அப்படியன்று. நண்பர்கள் ஐவரும் குரல்வழியே பேசிக்கொண்டு ஆடுகிறார்கள். யார் முன்னேறுவது, யார் காவல் நிற்பது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அறியாத ஐவரோ ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் திண்டாடக்கூடும். நம் நாட்டைப் போலப் பல மொழிகள் வழங்கும் நாட்டில் இது சிறிய குறையன்று. அந்த ஒற்றுமையின் வலிமையைச் சராசரிக் கணக்கு காண்பதில்லை. மேலும், திறமை மிக்க ஒருவர் திறமை குறைந்த நண்பரைத் தம்மோடு இழுத்துச் சென்று, உரிமையில்லாத உயரத்தில் அமர்த்தவும் அதே கணக்கு வழிவிடுகிறது.

இது கற்பனைக் குறையன்று என்பதற்கு நிறுவனங்களின் நடவடிக்கைகளே சான்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ், 2016-இல் எத்தனை பேர் கொண்ட குழுவும் தரவரிசை ஆட்டத்தில் சேரலாம் என்று மாற்றியது. தனியாக ஆடுவோர் கடுமையாக எதிர்த்தனர். அடுத்த பருவத்திலேயே, தனியாகவோ இருவராகவோ ஆடுவோருக்கு ஒரு வரிசை, பெரிய குழுக்களுக்கு இன்னொரு வரிசை என்று பிரித்தது. அதே நிறுவனத்தின் வேலரன்ட் விளையாட்டில், நால்வர் குழுவுக்குத் தரவரிசை ஆட்டத்தில் இடம் மறுக்கப்பட்டது. ஐந்தாமவராக வந்து சேரும் தனியாள், நால்வருக்கு நடுவே அந்நியராகிவிடுவார் என்பதை அறியாமலா இந்த விதி?

குழுவாக ஆடுவதே தவறு என்பதன்று நம் வாதம். நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதுதான் இவ்விளையாட்டுகளின் உயிர். வரிசைகளை முற்றிலும் பிரித்துவிட்டால், ஆட்டக்காரர் குறைவாக உள்ள நேரங்களில் எதிராளிக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும் என்று நிறுவனங்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. பிரிக்க இயலாத இடத்தில், குழுவின் புள்ளியோடு ஒருமைப்பாட்டுக்கென ஒரு கூடுதல் மதிப்பைச் சேர்த்து, அதற்கேற்ற வலுவான எதிரணியைத் தரலாம். குறைந்தபட்சம், ஒருவரின் தரத்தில் தனியாக ஈட்டியது எவ்வளவு, குழுவில் ஈட்டியது எவ்வளவு என்பதையாவது பட்டியலில் காட்டலாம். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது வெளிப்படைத்தன்மை. அதுதான் அரிதாக இருக்கிறது. ஆட்டக்காரரைப் பொருள் வாங்கத் தூண்டும் வகையில் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுக்கு, ஆக்டிவிஷன் நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அந்த முறையை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று அது விளக்கமும் அளித்தது. 2024-இல் தனது கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்துத் தானாகவே அறிக்கை வெளியிட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால், நடுவர் எந்த விதியின்படி ஊதுகிறார் என்பதைச் சொல்வதும் சொல்லாததும் நடுவரின் விருப்பம் என்றால், அதை விளையாட்டு என்று எப்படி அழைப்பது?

தரவரிசை ஆட்டம் வேறு, அமைப்புரீதியான போட்டி வேறு. சட்டம் பேசுவது போட்டியைப் பற்றித்தானே என்று சிலர் கேட்கலாம். ஆனால், போட்டிக்குச் செல்லும் முதற்படி தரவரிசைதான். பயிற்சியாளரோ நிதியாளரோ இல்லாத சிற்றூர் இளைஞனிடம், தன் திறமைக்குச் சான்றாகக் காட்ட அந்த ஒற்றை எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் கைப்பேசியோடு தனியாக அமர்பவனுக்கு, ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் நான்கு நண்பர்கள் கிடைப்பது அரிது. நகரத்துப் பயிற்சிக் கூடத்தில் குழுவாக அமர்ந்து ஆடுபவனின் எண்ணோடு அவனது எண்ணை ஒப்பிட்டு, இவன் தகுதி குறைந்தவன் என்று தள்ளிவிடுவது அநீதி.

மின்விளையாட்டு என்பது முன்னரே வகுத்த விதிகளின்படி நடப்பது, அதன் முடிவைத் திறமையே தீர்மானிக்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுக்கிறது. அந்தச் சொற்களுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், மின்விளையாட்டாகப் பதிவு கோரும் ஒவ்வொரு நிறுவனமும் தனியாளையும் குழுவையும் எப்படி மோதவிடுகிறது, எப்படிப் புள்ளியிடுகிறது என்பதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட வேண்டும். தேர்வுப் போட்டிகளுக்குக் கலப்புத் தரவரிசையைத் தகுதியாகக் கொள்வதும் நிறுத்தப்பட வேண்டும்.

பதக்கம் வெல்ல வேண்டும் என்று இளைஞர்களை அழைக்கும் அரசு, அவர்கள் ஏறும் ஏணியின் படிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.