ஒரு பெரிய பெட்டி வேண்டாம், ரெண்டு அளவான பெட்டி போதும்

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. ஆனாலும் வீட்டில் இருக்கிறவங்களும் படிக்கலாம். நம்மாளுங்க நிறைய பேர் புனே, ஹைதராபாத், நொய்டான்னு போய் ஆஸ்பத்திரி, காலேஜ், ஃபேக்டரின்னு ஏதாவது ஒண்ணுல நெட்வொர்க் பார்த்துக்கிட்டு இருக்கோம். "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு மட்டும் ஏங்க போன் வருது?"ன்னு வீட்டில் கேட்டா, பாதி நேரம் பதில் இந்தப் பெட்டிதான்: கோர் சுவிட்ச்.

அரக்கோணம் ஜங்ஷனை நினைச்சுக்குங்க. ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன சுவிட்ச், அது ஒரு ஸ்டேஷன். அதுல கோளாறுன்னா அந்த மாடிக்கு மட்டும் தொல்லை. எல்லா லைனும் வந்து சேருகிற ஜங்ஷன் படுத்துட்டா எந்த வண்டியும் நகராது. லேப் ரிப்போர்ட் டாக்டருக்குப் போகாது, பில்லிங் நிற்கும், மருந்துக் கவுண்டரில் கூட்டம் சேரும்.

இந்த ஜங்ஷனை மாத்துற நேரம் வந்ததும் விற்பனைக்காரங்க வரிசையா வருவாங்க. ஸ்லைடில் முதல் வரியே "இத்தனை டெராபிட்". மேனேஜ்மென்ட் அதைப் பார்த்து அசந்து போகும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 மாடி ரேக், ஒவ்வொண்ணிலிருந்தும் 10 ஜிகாபிட் லைன் ரெண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பி வழிஞ்சாலும் 400 ஜிகாபிட்தான். 25 ஜிகாபிட் போர்ட் 48 இருக்கிற ஒத்தை யூனிட் சுவிட்சே 1,200 ஜிகாபிட் தாங்கும். நிஜத்தில் எவ்வளவு ஓடுதுன்னு தெரியணுமா? காக்டி, லிப்ரே-என்.எம்.எஸ் எல்லாம் இலவசம். ஒரு மாசம் கிராஃப் எடுத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.

அதனால் என் கட்சி இதுதான்: நடுத்தர நிறுவனத்துக்கு ஒரு பெரிய சேஸிஸ் வேண்டாம். அளவான சுவிட்ச் ரெண்டு வாங்குங்க. ரெண்டையும் வேற வேற அறையில், வேற வேற யு.பி.எஸ். லைனில் வையுங்க. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ரெண்டுக்கும் ஒவ்வொரு ஃபைபர், அதுவும் வேற வேற வழியில். பெரிய சேஸிஸில் ரெண்டு பவர் சப்ளை, ரெண்டு சூப்பர்வைசர் கார்டு எல்லாம் போடலாம்தான். ஆனா அந்த அறையில் ஏசி பைப் ஒழுகினா என்ன செய்வீங்க? எலி கடிக்கிறது எந்த டேட்டாஷீட்டிலும் வராது.

ரெண்டு பெட்டியைச் சேர்க்கிறதிலும் ரெண்டு வழி இருக்கு. ஸ்டாக் மாதிரி கட்டினா ரெண்டு பெட்டிக்கும் ஒரே மூளை, நிர்வகிக்கச் சுலபம். ஆனா அந்த மூளை குழம்பினா ரெண்டும் சேர்ந்து படுக்கும். எம்-லாக் முறையில் மூளை தனித்தனி. வேலை கொஞ்சம் கூட, ஆனா ஒண்ணை ரீபூட் பண்ணும்போது இன்னொண்ணு ஓடிக்கிட்டிருக்கும். 24 மணி நேரமும் ஓடுற இடத்துக்கு என் ஓட்டு ரெண்டாவதுக்கே.

பெட்டி புதுசு, வரைபடம் பழசுன்னா பிரயோஜனம் இல்லை. 2002 நவம்பரில் பாஸ்டனில் இருக்கிற பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் படுத்து, சுமார் நாலு நாள் காகிதத்தில் வேலை பார்த்தாங்க. ஒரு ஆராய்ச்சியாளரோட புரோகிராம் கொட்டின டேட்டா வெறும் தீக்குச்சிதான். வருஷக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டியே வளர்ந்த நெட்வொர்க், லூப்பைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீயோட ஏழு சுவிட்ச் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. அங்கே ஐ.டி. தலைவரா இருந்த ஜான் ஹலம்கா இதை மறைக்காம வெளியே சொன்னார், அதனால்தான் நமக்குப் பாடம் கிடைச்சது. சுவிட்ச் மாத்துற நாள்தான் வி-லானைப் பிரிச்சு, ரூட்டிங்கை ஒழுங்கு பண்ண நல்ல நாள். பழைய கான்ஃபிகை அப்படியே காப்பி பண்ணி ஏத்தாதீங்க.

அடுத்தது, ஆர்டர் போடும் முன்னாடி ஃபைபரைப் பாருங்க. பழைய கட்டடங்களில் ஆரஞ்சு கலர் உறைக்குள்ளே ஓஎம்1 இழை இருக்கும். ஒரு ஜிகாபிட்டை 200 மீட்டருக்கு மேலேயும் கொண்டு போயிருக்கும். சாதாரண 10 ஜிகாபிட் எஸ்.ஆர். மாட்யூல் போட்டா அதே இழையில் 33 மீட்டர்தான்! ஓஎம்2-ல் 82, ஓஎம்3-ல் 300. சுவிட்சுக்குப் பட்ஜெட் வாங்கிட்டு கேபிளுக்குக் கேட்காம விட்டா, புதுப் பெட்டி பழைய வேகத்தில்தான் ஓடும். புதுசா இழுக்கிறதா இருந்தா சிங்கிள் மோடாவே இழுத்துடுங்க, அடுத்த தடவைக்கும் ஆகும்.

விலையைப் பெட்டிக்கு மட்டும் கேட்காதீங்க. மாட்யூல், லைசென்ஸ், சப்போர்ட் எல்லாம் சேர்த்து ஏழு வருஷத்துக்கு எவ்வளவு? லைசென்ஸ் முடிஞ்ச மறுநாள் எது ஓடும், எது நிற்கும்? ரெண்டையும் எழுத்தில் வாங்குங்க. வாய்வார்த்தைக்கு வாரண்டி கிடையாது.

பெரிய பிராண்டுன்னா பயமில்லைன்னு சொல்றவங்களுக்கு: 3காம் 2000-ல் பெரிய கோர் சுவிட்ச் வியாபாரத்தையே விட்டுட்டுப் போச்சு. நார்டெல் 2009-ல் திவாலாச்சு. ஜூனிப்பரை 2025-ல் எச்.பி.இ. வாங்கிடுச்சு. அதனால் பிராண்டை நம்பி அதோட தனிப்பட்ட வசதிகளில் சிக்கிக்காம, ஓ.எஸ்.பி.எஃப்., எல்.ஏ.சி.பி. மாதிரி எல்லாருக்கும் பொதுவான முறைகளிலேயே கட்டுங்க. நாளைக்குக் கம்பெனி கைமாறினாலும் நீங்க மாறிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. எந்த டெண்டரிலும் இல்லாத கேள்வி இது: நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கும்போது ஒரு பெட்டி செத்தா, ஷிஃப்ட்டில் இருக்கிற ஜூனியர் பையன் பதறாம இருக்க முடியுமா? இன்னொரு பெட்டி தானா தாங்கிக்கணும். அவனுக்குப் புரியுற மொழியில் ரெண்டு பக்கக் குறிப்பு இருக்கணும். நீங்க இருக்கிற ஊரிலேயே மாத்துப் பெட்டி கிடைக்கணும். வாங்கின பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை முன்கூட்டியே சொல்லி வச்சு, நீங்களே ஒண்ணோட பவரைப் பிடுங்கிப் பாருங்க. யாரும் போன் பண்ணலைன்னா நல்ல பெட்டி வாங்கியிருக்கீங்க. தைரியமா டிக்கெட் போடுங்க.